எழுபது வளைவுகளும் ஒற்றை மதிப்பெண்ணும்

கொல்லிமலை என்றதும் நம் தமிழ்த்துறை நண்பர்கள் வல்வில் ஓரியை நினைப்பர். அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருட்டி, இறுதியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் பாடுகிறார். புறநானூற்றின் 152-ஆம் பாட்டு அது. அந்த அம்பின் சிறப்பை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்த இடம் வேறு. எதிரே நிற்கும் வேட்டுவன் யாரென்று அறியாத பாணர் கூட்டம், அரசனைக் குறிக்கும் 'கோ' என்னும் சொல்லைச் சொல்லிப் பாடுகிறது. அது தன் பெயராயிற்றே என்று அவன் நாணி நிற்கிறான். ஐந்து விலங்குகளை ஓரம்பில் வீழ்த்தியவனுக்குத் தன்னைப் புகழக் கேட்க நாணம்! அதே மலையில் பிறந்து, கிளட்சை விடப் பழகிப் பதினைந்து நாள்கூட ஆகாத நான், என் ஓட்டும் திறமைக்குப் பத்துக்கு ஒன்பது போட்டுக்கொண்டேன். அந்த ஒன்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

சென்ற கோடை விடுமுறையில் நானும் என் தங்கையும் எல்.எல்.ஆர். வாங்கினோம். பழகுநர் உரிமம் என்று அரசுத் தாள்களில் இருந்தாலும் எல்.எல்.ஆர். என்றால்தான் எவருக்கும் புரிகிறது. அது ஆறு மாதங்கள் செல்லும். முப்பது நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். இடையில் வண்டியின் முன்னும் பின்னும் 'எல்' எழுத்தை ஒட்டிக்கொண்டு, உரிமம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அடிவார ஊர் ஒன்றில் இருந்த பயிற்சிப் பள்ளியில் இருவரும் சேர்ந்தோம். இரண்டாவது வார முடிவில் பயிற்சியாளர் விளையாட்டாகக் கேட்டார்: "உங்க டிரைவிங்குக்கு நீங்களே பத்துக்கு எத்தனை போடுவீங்க?" நான் ஒன்பது என்றேன். தங்கை நான்கு என்றாள். "தம்பிக்குத் தைரியம் இருக்கு, பாப்பாதான் பயப்படுது" என்று அவர் தீர்ப்புக் கூறினார். நானும் அதை அப்படியே நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் புறப்பட்டோம். காரவள்ளி அடிவாரம் முதல் சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட பலகை உண்டு. என் தாய்மாமன் அச்சாலையில் இருபது ஆண்டுகளாக ஜீப் ஓட்டுபவர். அவர் பக்கத்தில் அமர, நான் ஓட்டினேன். பின்னால் தங்கையும் அம்மாவும் இருந்தனர்.

மலைச்சாலை பழகாத நண்பர்களுக்காக இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாக் கொண்டை ஊசி வளைவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நம் நாட்டில் இடப்பக்கம் செல்ல வேண்டும் என்பது விதி. ஆகவே ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவு வந்தால், நாம் வெளிவட்டத்தில் அகலமாகச் சுற்றிப் போகிறோம். ஏற்றம் சற்று மெல்லியதாகவே இருக்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவிலோ உள்வட்டத்தில் போக வேண்டும். அங்கே தூரம் குறைவு, ஏற வேண்டிய உயரமோ அதே உயரம். எனவே சாலை சுவர்போல நிமிர்ந்து நிற்கும். வளைவுக்குள் நுழையுமுன்பே முதல் கியருக்கோ இரண்டாம் கியருக்கோ வந்துவிட வேண்டும். நுழைந்த பின் மாற்ற நினைத்தால் வண்டி மூச்சடைத்து நின்றுவிடும்.

அப்படிப்பட்ட ஓர் இடப்பக்க வளைவில், மேலிருந்து வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதலிடம் என்பது சட்டம். அந்த லாரிக்காரர் அதன்படி மேலேயே ஒதுங்கி நின்று, கையைக் காட்டி என்னை வரச் சொன்னார். வழி தாராளமாகவே இருந்தது. ஆனால் நான் அஞ்சி வளைவின் நடுவில் நிறுத்திவிட்டேன். மீண்டும் கிளம்ப வேண்டும். கிளட்சை விட்டேன், எஞ்சின் நின்றது, ஜீப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. பிரேக்கைத் தேடிய என் கால் எதை மிதித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்கைந்து அடி உருண்டிருப்போம். மாமாவின் கை எப்போதோ ஹேண்ட் பிரேக்கில் இருந்திருக்கிறது. ஜீப் நின்றது. பின்னால் இடுப்பளவு தடுப்புச் சுவர், அதற்கப்பால் மரங்களின் தலை மட்டுமே தெரிந்தது. அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. "ஹேண்ட் பிரேக்கு எதுக்கு இருக்குன்னு சொல்லிக் குடுக்கலையா மாப்ளே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மாமா இடம் மாறி அமர்ந்தார்.

வீடு சேர்ந்தபின் தங்கை குறும்பாக, "அண்ணா, இப்போ எத்தனை?" என்றாள். இரண்டு என்றேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஓர் ஐயம் பிறந்தது. காலையில் ஒன்பது, நண்பகலில் இரண்டு. இடைப்பட்ட நேரத்தில் என் திறமை அணுவளவும் குறையவில்லை. பார்க்கப்போனால் சிறிது கூடியிருக்கவும் வேண்டும். அளக்கப்படும் பொருள் அப்படியே இருக்க அளவுகோல் மட்டும் ஏறி இறங்குமானால், அதை அளவுகோல் என்று சொல்லலாமா? அன்றியும் அந்த ஒன்பது எதற்கு உரிய மதிப்பெண்? பயிற்சிப் பள்ளியின் காரில் பயிற்சியாளர் பக்கமும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. நான் எனக்குப் போட்டுக்கொண்ட ஒன்பதில் அவருடைய காலின் பங்கு எத்தனை? கல்லூரி திறந்ததும் நம் பேராசிரியர்களை நச்சரித்து நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் பெற்றுப் படித்தேன். இந்த ஐயம் எனக்கு முன்பே உலகில் பலருக்கு எழுந்திருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

1981-இல் ஓலா ஸ்வென்சன் என்னும் சுவீடன் நாட்டு உளவியலார் அமெரிக்க மாணவர்களிடமும் சுவீடன் மாணவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். உங்கள் குழுவில் உள்ளவர்களைத் திறமைப்படி வரிசைப்படுத்தினால் நீங்கள் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்பதே கேள்வி. அமெரிக்கர்களில் 93 விழுக்காட்டினர் தாங்கள் மேற்பாதியில் இருப்பதாகக் கூறினர். சுவீடன் மாணவர்களில் 69 விழுக்காட்டினர் அவ்வாறே கூறினர். பாதுகாப்பாக ஓட்டுவதில் எப்படி என்று கேட்டதற்கும் முறையே 88 விழுக்காட்டினரும் 77 விழுக்காட்டினரும் தங்களை மேற்பாதியில் வைத்துக்கொண்டனர். ஒரு வரிசையின் மேற்பாதியில் பாதிப்பேருக்கு மேல் நிற்க இடம் ஏது?

புள்ளியியல் துறை நண்பர்கள் உடனே ஒரு தடை எழுப்புவார்கள் என்பதை அறிவேன். 'சராசரியை விடப் பெரும்பாலோர் மேலாக இருக்க முடியுமே! பத்துப் பேரில் ஒன்பது பேர் 60 வாங்கி ஒருவர் சுழியம் வாங்கினால் சராசரி 54. ஒன்பது பேரும் சராசரிக்கு மேல்தானே?' என்பர். உண்மைதான். அதனாலேயே ஸ்வென்சன் சராசரியைக் கேட்கவில்லை, வரிசையில் இடத்தைக் கேட்டார். கேள்வியைக் கேட்கும் விதத்தில் எத்தனை நுட்பம் வேண்டியிருக்கிறது பாருங்கள்!

அதற்கும் முன்பே, 1965-இல் பிரெஸ்டன், ஹாரிஸ் என்னும் இருவர் அமெரிக்காவில் ஒரு வேலை செய்தனர். விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்த ஐம்பது ஓட்டுநர்களையும், விபத்தே இல்லாத ஐம்பது ஓட்டுநர்களையும் எடுத்துக்கொண்டு, அவரவர் திறமையை அவரவரே மதிப்பிடச் சொன்னார்கள். இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே மதிப்பீட்டைத் தந்தனர். கட்டிலில் கிடந்தவர்களில் பெரும்பாலோரின் விபத்துக்கு அவர்களே பொறுப்பு என்று காவல்துறைப் பதிவுகள் கூறின. இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. நானாவது இரண்டுக்கு இறங்கினேனே!

ஆனால் பிறரோடு ஒப்பிடச் சொல்வதே பயில்வோருக்குப் பொருந்தாத முறை என்று பிற்கால ஆய்வாளர் சிலர் எழுதியிருக்கின்றனர். அவர்களுள் சுவீடனின் ஊமியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்னா சுண்ட்ஸ்ட்ரோம் ஒருவர். யோசித்தால் உண்மை விளங்கும். 'சராசரி ஓட்டுநர்' என்றதும் நான் யாரை நினைக்கிறேன்? என் மாமாவையா, எங்கள் ஊருக்குப் பேருந்து ஓட்டுபவரையா, என்னோடு 'எட்டு' போட வந்து காலை ஊன்றிவிட்ட நண்பனையா? ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வோர் உருவம். முழம் என்று ஒரே சொல்லைச் சொல்லிப் பூக்காரம்மா ஒரு நீளமும் நாம் ஒரு நீளமும் நினைப்பது போன்றது அது.

அப்படியானால் எதைக் கேட்பது? இதற்கு விடை தேடும்போதுதான் ஆல்பர்ட் பந்தூராவிடம் வந்து சேர்ந்தேன். கனடாவில் பிறந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2021-இல் மறைந்தவர். 1977-இல் அவர் முன்வைத்த கருத்தைத் தமிழில் 'தன்திறன் நம்பிக்கை' எனலாம். 'நான் வல்லவன்' என்ற பொது எண்ணம் வேறு, 'இன்ன சூழலில் இன்ன செயலை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை வேறு என்பது அதன் சாரம். இக்கருத்தை விளக்க அவர் கார் ஓட்டுவதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். குடியிருப்புத் தெருவில் ஓட்டுவதற்கும், நெரிசல் மிக்க நகரச் சாலையில் ஓட்டுவதற்கும், வளைந்து நெளியும் மலைச்சாலையில் ஓட்டுவதற்கும் ஒருவரது நம்பிக்கை வேறுவேறாக இருக்கும் என்கிறார். மலைச்சாலை என்ற சொல்லைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அளவுகோல் செய்யும் முறையையும் அவர் தந்திருக்கிறார். ஒவ்வொரு செயலுக்கும் எதிரே சுழியம் முதல் நூறு வரை, பத்துப் பத்தாக எண்கள். சுழியம் என்றால் 'என்னால் ஆகவே ஆகாது', நூறு என்றால் 'உறுதியாக முடியும்'. 'செய்வேன்' என்று கேட்கக் கூடாது, 'செய்ய முடியும்' என்றே கேட்க வேண்டும். முன்னது எண்ணம், பின்னது திறன். கேள்விகள் எளியதிலிருந்து அரியதுவரை படிப்படியாக ஏற வேண்டும். எல்லாம் எளியவையாக இருந்தால் எல்லாரும் நூறு போட்டுவிடுவார்கள், ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரித்தறிய வழி இராது. பிறர் பார்க்க நிரப்பினால் வீம்பு கலந்துவிடும், ஆகவே தனியே நிரப்ப வேண்டும். எங்கள் பயிற்சியாளர் எல்லார் முன்னிலையிலும் கேட்டதும், நான் ஒன்பது என்றதும் நினைவுக்கு வந்தன.

அதன்படி எங்கள் சாலைக்கென்று ஒரு தாள் எழுதினேன். மட்டமான சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவது, சந்தை நாளில் கடைவீதியைக் கடப்பது, ஏற்றத்தில் நின்று பின்னால் உருளாமல் கிளம்புவது, வலப்பக்க வளைவில் ஏறுவது, இடப்பக்க வளைவில் ஏறுவது, வளைவில் எதிரே பேருந்து வரும்போது ஒதுங்குவது, மலையிலிருந்து இறங்குவது, பனிமூட்டத்தில் ஓட்டுவது, மழை பெய்யும் இரவில் இறங்குவது என ஒன்பது வரிகள். நானும் தங்கையும் தனித்தனி அறையில் நிரப்பினோம். எங்கள் இருவருக்கும் மாமாவும் தனியே மதிப்பெண் போட்டார். (அவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இதுக்கெல்லாமா படிக்கிறீங்க?" என்று கேட்டதையும் பதிவு செய்கிறேன்.)

என் தாளில் 'ஏற்றத்தில் நின்று கிளம்புவது' என்ற வரிக்கு 20 போட்டிருந்தேன். மாமாவும் 20 போட்டிருந்தார். பட்ட இடத்தில் அறிவு வந்திருந்தது. என்னைத் திடுக்கிட வைத்தது 'மலையிலிருந்து இறங்குவது' என்ற வரி. நான் 90, மாமா 10.

"இறங்கறதுல என்ன மாமா இருக்கு? வண்டி தானா போகுது" என்றேன். "அதான் பத்து" என்றார் அவர். பிறகு விளக்கினார். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால், உராய்வில் அது சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிப்பை இழந்துவிடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவனுக்கு எஞ்சினின் துணையும் இல்லை. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். அப்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரியாததனால்தான் 90 போட்டேன்! நான் அறிந்து தவறிய இடத்தில் என் மதிப்பெண் சரியாக இருந்தது, அறியவே அறியாத இடத்தில் மிக உயர்ந்து நின்றது. பத்துக்கு ஒன்பது என்ற ஒற்றை எண்ணுக்குள் இப்படி எத்தனை 90-கள் ஒளிந்திருந்தன என்று எண்ணியபோது, தடுப்புச் சுவருக்கு அப்பால் கண்ட மரத்தலைகள் மீண்டும் கண்முன் வந்தன.

தன் மதிப்பீட்டையும் பிறர் மதிப்பீட்டையும் இப்படி அருகருகே வைத்துப் பார்க்கும் முறை பின்லாந்து நாட்டில் ஓட்டுநர் தேர்வோடு சேர்ந்தே வந்திருக்கிறது. தேர்வுக்கு வந்தவர் முதலில் தன் திறமையைத் தானே மதிப்பிட்டு எழுதுவார், பின்னர் தேர்வாளர் மதிப்பிடுவார், இரண்டும் எங்கே விலகுகின்றன என்பது தெரியவரும். இங்கே அத்தகைய கேள்வி இல்லை. இருசக்கர வண்டிக்கு 'எட்டு', காருக்கு 'எச்' போடச் சொல்கிறார்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தேர்வுக்குரிய செயல்களின் பட்டியலில், செங்குத்தான ஏற்றத்தில் நின்று பின்னால் உருளாமல் மீண்டும் கிளம்புவதும் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. விதியை எழுதியவர் ஏதோ ஒரு மலைச்சாலையை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

பயிற்சியைக் கூட்டினால் போதுமே, நம்பிக்கையை அளப்பானேன் என்று கேட்பவர்களுக்கு, 1996-இல் வெளியான ஓர் ஆய்வு விடை தருகிறது. சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் பெட்டர் கிரிகர்சன் பயிலும் ஓட்டுநர்களை இரு பிரிவாக்கினார். வழுக்கும் சாலையில் பிரேக் பிடிப்பது, தடையை விலக்குவது ஆகியவற்றில் ஒரு பிரிவுக்குக் கைத்திறமை வளரும்படி பயிற்சி அளித்தார். மற்றப் பிரிவுக்கு அதே சூழலில், தங்கள் திறமை எந்த அளவில் கைவிடும் என்பதை உணரும்படி பயிற்சி அளித்தார். பின்பு சோதித்தபோது இரு பிரிவினரின் உண்மையான திறமையில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் முதற்பிரிவினர் தம்மை மற்றவர்களைவிட உயர்வாக மதிப்பிட்டிருந்தனர். அதாவது பயிற்சியில் திறமை வளர்வதற்குள் நம்பிக்கை வளர்ந்துவிடுகிறது. மட்டமான மைதானத்தில் பதினைந்து நாள் சுற்றிய எனக்கு நேர்ந்ததும் இதுவே.

என் தங்கையின் தாள் வேறு கதை சொன்னது. அவள் எந்த வரிக்கும் 50-க்கு மேல் போடவில்லை. மாமா அவளுக்குப் பல வரிகளில் 60, 70 போட்டிருந்தார். ஏற்றத்தில் கிளம்புவதற்கு 70. எனக்கு வியப்பாக இருந்தது. விசாரித்தபோது, என் ஜீப் உருண்ட மறுநாளே அவள் மாமாவை அழைத்துக்கொண்டு போய், வீட்டருகே உள்ள மேட்டில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து விட்டுக் கிளம்பிப் பழகியிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் எல்.எல்.ஆர். காலம் முடியட்டும், இனி ஓட்டப்போவதில்லை என்றும் மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள். "பாப்பாதான் பயப்படுது" என்ற அந்தச் சொல் அவளுக்குள் ஊறிப் போயிருக்கிறது. தன் தாளையும் மாமாவின் தாளையும் சேர்த்து வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மிகை நம்பிக்கை என்னை வளைவில் உருட்டியது எல்லாருக்கும் தெரிந்தது. குறை நம்பிக்கை ஒருத்தியின் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்க இருந்தது யாருக்கும் தெரியவில்லை. தாள் இல்லையேல் எனக்கும் தெரிந்திராது.

இரண்டு தாள்களையும் ஒரு மாதம் கழித்து மறுபடி நிரப்பினோம். தங்கையின் எண்கள் மாமாவின் எண்களுக்குப் பத்து இருபது புள்ளி அருகில் வந்திருந்தன. அதற்கு முந்தைய வாரம் அவள் செம்மேட்டிலிருந்து சோளக்காடு வரை மாமா வாய் திறக்காமலே ஓட்டி வந்திருந்தாள். தேர்வுக்கும் நாள் குறித்துவிட்டாள். என் தாளில் இறங்குவதற்கு 40. மாமா அதைப் பார்த்து 30 என்று திருத்தினார். மழை பெய்யும் இரவில் இறங்குவதற்கு நான் 20 போட்டிருந்தேன். அதை அவர் திருத்தவில்லை. தமக்கே எத்தனை போடுவீர்கள் என்று கேட்டேன். பேனாவை வாங்கிச் சிறிது யோசித்துவிட்டு, அந்த வரிக்கு நேரே 60 என்று எழுதினார்.